அடுப்புக்குள்ள காலை விட்ட காதலி

மாடம்பாக்கத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோடு பேய்ப் படங்களைப் பத்தி. எல்லாப் பேயும் இல்ல, காதலிக்கிற பேய் மட்டும். அதுலயும் கம்மி பட்ஜெட் பேய்.

போன மாசம் ஒரு நாள் செம மழை. ராத்திரி எட்டரைக்கு கரண்ட் போச்சு. லேப்டாப்ல சார்ஜ் இருந்துச்சு. ஆயா விசிறியை வெச்சு கொசு விரட்டிட்டு இருந்தாங்க. "ஆயா, படம் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். "பேய்ப் படமா போடுடா, கரண்ட் வர்ற வரைக்கும் முழிச்சிட்டு இருக்கலாம்"னாங்க. அப்படித்தான் 'ஜகன்மோகினி' போட்டோம்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். 1978ல வந்த தெலுங்குப் படம், இயக்கினவர் விட்டலாச்சார்யா. நரசிம்மராஜு ஹீரோ, ஜெயமாலினி மோகினி, பிரபா மனைவி. தமிழ்ல டப் ஆகி இங்கயும் சக்கைப்போடு போட்டுச்சு. 2009ல நமீதாவை வெச்சு தமிழ்லயே மறுபடி எடுத்தாங்க. கதை சிம்பிள். ஒருத்தன் ஒரு பொண்ணை ஆசை காட்டி ஏமாத்துறான். அவ மோகினியாகி அவனைத் தேடி வர்றா. அவன் மனைவி சாமி துணையோட புருஷனை மீட்கப் போராடுறா.

அந்த அடுப்பு சீன் ஞாபகம் இருக்கா? மோகினி சமைக்கிறா. விறகுக்குப் பதிலா தன்னோட காலையே அடுப்புக்குள்ள விட்டுடறா. கால் எரியுது, மேல சமையல் நடக்குது. நான் சின்ன வயசுல டிவியில பார்த்து அலறியிருக்கேன். இந்தத் தடவை பார்த்தப்போ சிரிச்சுட்டேன். அந்தக் கால் பொம்மைன்னு அப்பட்டமா தெரியுது!

அந்தக் காலத்துல கிராபிக்ஸ் கிடையாது. கேமராவை அசையாம நிறுத்தி வெப்பாங்க. நடிகர் நிக்கிறப்போ ஷாட்டைக் கட் பண்ணிட்டு, அவரை நகரச் சொல்லிட்டு, அதே இடத்துல ஒரு கிளியை வெச்சு மறுபடி ஓட விட்டா, மனுஷன் கிளியாயிட்டான். ஒரே ஃபிலிம்ல ரெண்டு தடவை படம் பிடிச்சா, சுவர் வழியா நடந்து போற ஆவி ரெடி. பகல்ல எடுத்துட்டு நீலமா மாத்திட்டா, அதான் நடுராத்திரி. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா எல்லாமே ஜுகாடு.

ஆனா இதுல ஒரு விஷயம் கவனிச்சேன். காசு நிறைய இருந்தா சவுண்டு, கிராபிக்ஸ்னு பயமுறுத்திக்கிட்டே இருக்கலாம். காசு இல்லாதப்போ ரெண்டு பயத்துக்கு நடுவுல ஒரு மணி நேரத்தை எதையாவது வெச்சு நிரப்பணும். அங்கதான் பேய் பாடுது, அழுது, சண்டை போடுது, சமைக்குது. அதுக்கு என்ன வேணும்னு நமக்குப் புரிய ஆரம்பிக்குது.

இந்தியில ராம்சே பிரதர்ஸ் எடுத்த 'பந்த் தர்வாஸா'வைப் பாருங்க, 1990ல வந்தது. நம்ம ஊர் டிராகுலா படம். அதுல ரத்தக்காட்டேரியா நடிச்ச அனிருத் அகர்வால் ரூர்க்கியில சிவில் இன்ஜினியரிங் படிச்சவர். இன்ஜினியரிங் முடிச்சா என்ன வேலை வேணா பாக்கலாம்னு நான் சொல்லிட்டே இருக்கேன்ல? அந்தக் கதையிலயும் பிரச்சனைக்கு நடுவுல இருக்கிறது ஒருதலைக் காதல்தான். 'ட்வைலைட்' முதல் பாகம்கூட 3 கோடியே 70 லட்சம் டாலர்ல எடுத்தது. ஹாலிவுட் கணக்குல அது சில்லறை. வெயில்ல ஹீரோ உடம்பு மினுமினுக்கிற சீனைப் பார்த்தா உங்களுக்கே தெரியும். ஆனா அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிற பார்வைக்காகத்தானே உலகமே பார்த்துச்சு?

சரி, மழை ராத்திரிக்கு வருவோம். நான் சிரிச்சேன்னு சொன்னேன்ல, ஆயா சிரிக்கல. "அவ என்னடா தப்பு பண்ணா? நம்பினது ஒரு தப்பா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் நீலி கதையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க.

பழையனூர் நீலி. திருவாலங்காட்டுக்குப் பக்கத்துல, நம்ம சென்னையில இருந்து ரொம்ப தூரமெல்லாம் இல்ல. புருஷன் கையால செத்தவ பேயா வந்து, ஒரு கள்ளிக்கட்டையைக் குழந்தையா மாத்தி இடுப்புல வெச்சுக்கிட்டு, அவனைத் துரத்துறா. பஞ்சாயத்துல நின்னு "இவர்தான் என் புருஷன், என்னை வேணாங்கிறார்"னு அழறா. ஊர்ப் பெரியவங்க 70 பேர் அவளை நம்பி, அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தங்கள் உயிரையே ஈடா வெக்கிறாங்க. அவ அவனைக் கொன்னு பழி தீர்த்துக்கிறா. சொன்ன வாக்குக்காக 70 பேரும் தீயில இறங்கிடறாங்க.

"நீலிக்கண்ணீர்"னு இன்னைக்கும் நாம சொல்றது இந்தக் கதையில இருந்து வந்ததுதான். பொய் அழுகைன்னு அர்த்தம். ஆயா கேட்டாங்க, "கொலை பண்ணவன் பேர்ல ஒரு வார்த்தையும் இல்ல. செத்தவ அழுதா அதுக்கு மட்டும் ஒரு பேரு. அது எப்படிடா?"

எனக்குப் பதில் தெரியல. ஆனா வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. அதைச் சொல்லலாமா வேணாமான்னு ரெக்கார்டு பண்றதுக்கு முன்னாடி ரொம்ப யோசிச்சேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணோட பழகினேன். எட்டு மாசம். கல்யாணப் பேச்சு வந்ததும் எனக்கு பயம். சண்டை போடல, பிரேக்கப்புன்னு சொல்லவும் இல்ல. பதில் அனுப்புறதை நிறுத்திட்டேன், அவ்ளோதான். அவ தொடர்ந்து மெசேஜ் பண்ணா. "டிராமா பண்றாடா"ன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னேன். அதாவது நீலிக்கண்ணீர்.

இதுக்கு நம்ம ஜெனரேஷன் வெச்ச பேர் கோஸ்ட்டிங். காணாம போனவன்தான் பேய்னு அர்த்தம். விட்டலாச்சார்யா படத்துல அது தலைகீழ். விட்டுட்டுப் போனவன் மனுஷனாவே இருக்கான், நல்லா சாப்பிடறான், தூங்குறான். காத்திருந்தவதான் பேயாகுறா. நான் அந்த ராத்திரி ஸ்க்ரீன்ல பார்த்தது ஹீரோவைத்தான். அவன் முழிக்கிற முழி எனக்கு நல்லாத் தெரிஞ்ச முழி.

படத்துல கடைசியில மனைவியோட பக்தி ஜெயிக்குது, மோகினி தோத்துடறா. 1978ல வேற எப்படி முடிக்க முடியும்? ஆனா ரெண்டரை மணி நேரத்துல பாதி நேரம் கேமரா அவ முகத்துலதான் இருக்கு. அவ பக்கத்து நியாயத்தை அவ வாயாலயே சொல்ல விட்டுருக்காங்க. பொம்மைக் காலு, அட்டை மரம்னு நாம கிண்டல் பண்ற படம் அவளுக்குக் கொடுத்த அந்த நேரத்தை நான் கொடுக்கல.

கரண்ட் பதினொண்ணே காலுக்கு வந்துச்சு. ஆயா தூங்கிட்டாங்க. நான் ஒரு மெசேஜ் அடிச்சேன். மன்னிப்பு மட்டும். காரணம்னு எதையும் சொல்லல, திரும்பப் பேசுன்னும் கேக்கல. புளூ டிக் வந்துச்சு, பதில் வரல. வரணும்னு நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இந்த வாரம் உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா, அவங்களோட உக்காந்து ஒரு பழைய பேய்ப் படம் பாருங்க. சிரிங்க, தப்பில்ல. அவங்க எந்த இடத்துல சிரிக்கலன்னு மட்டும் கவனிச்சு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.