கரியில் கரந்துறையும் மாழைகள்

(கெங்குவார்பட்டித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் சுருக்கம்)



கெங்குவார்பட்டிக்கு மேலே ஓங்கி நிற்பது கொடைமலை. அம்மலைமேல், கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, இதள் (பாதரசம்) படிந்த கண்ணாடிக் கழிவைப் பழம்பொருட் கடைக்குத் தள்ளியமை 2001-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டே ஆலையும் மூடப்பெற்றது. ஆகலின் இதள் இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. ஆலையை மூடியதோடு இதள் ஒழிந்தது எனக் கருதுவார் உளர். அனல்மின் நிலையப் புகைவழியே அதே இதள் நாள்தோறும் வானேறுவதை அறிந்தார் சிலரே.

நிலக்கரி வெறுங்கரியன்று. சதுப்பில் வீழ்ந்த மரஞ்செடிகள் மண்ணுள் அழுந்தி, வெம்மையால் கரியாயின. அதனுள் மாழைகள் மூவழியாற் புகுந்தன என்பது நிலவேதியியல் காட்டும் உண்மை. செடிகள் உயிரோடிருந்தபோது வேரால் உறிஞ்சியவை ஒரு பங்கு. ஆற்றுநீர் களிமண்ணோடு கொணர்ந்தவை ஒரு பங்கு. கரியான பின்னர் வெடிப்புகளில் ஊறிய நிலத்தடி நீர் படிவித்தவை மற்றொரு பங்கு. உயிர்வளியற்ற சதுப்படியில் இரும்பும் கந்தகமும் கூடிப் பொன்னிறக் கல்லாயின. இதளும் ஆர்செனிக்கும் பெரிதும் அக்கல்லையே பற்றின. குரோமியம் போன்றவை பெரும்பாலும் களிமண்ணில் தங்கின.

1930-களில் சம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கருந்துகள் தோன்றிய நெய்வேலியில், 1961-இல் வெளிக்கொணரப்பட்ட பழுப்பு நிலக்கரியும் இங்ஙனம் பிறந்ததே. ஒடியத்தின் தால்சேரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் கரியோ 25 கோடி ஆண்டுக்கும் முற்பட்டது.

உலகக் கரியில் இதளின் அளவு, நிரவலாகத் தொன்னுக்கு ஏறத்தாழ 0.1 கிராம். 'இத்துணைச் சிறிதா?' என எள்ளுதல் வேண்டா. பத்து இலக்கம் தொன் கரியில் அது 100 கிலோவாகும். 1,000 மெகாவாட்டு நிலையம் ஒன்று ஓராண்டில் அதனினும் பலமடங்கு கரியை எரிக்கும்.

தீ தனிமத்தை அழிக்காது. இதள் 357 பாகையில் கொதிப்பது. உலையோ 1,000 பாகையைத் தாண்டுவது. எனவே இதள் ஆவியாய் வெளியேறுகின்றது. ஆர்செனிக்கும் செலினியமும் பெரும்பகுதி ஆவியாகிக் குளிர்ந்து நுண்சாம்பலில் ஒட்டுகின்றன. குரோமியம் சாம்பலிற் செறிகின்றது. அச்சாம்பல் காப்பற்ற குட்டையிற் கிடப்பின், மழைநீர் அவற்றிற் சிலவற்றைக் கரைத்துக் கிணற்றிற் சேர்க்கும்.

வானேறிய இதள் நெடுந்தொலைவு அலைந்து மழையோடு இறங்கும். நீரடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் இதளாக மாற்றும். அது மீனில் ஏறி, உண்பாரின் மூளையையும் நரம்பையும் தாக்கும். சப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட கொடுநோய், ஆலைக்கழிவிலிருந்த மெத்தில் இதளால் விளைந்ததே. அவ்வூர்ப் பெயர்பூண்ட உலக உடன்படிக்கை 2013-இல் எழுந்தது; இந்தியா 2018-இல் அதனை ஏற்றது.

தடுக்க வழியுண்டு. கரியைக் கழுவின் பொன்னிறக் கல்லில் ஒரு பகுதி நீங்கும். கந்தக வளியைப் பிடிக்கும் புகைக்கழுவி இதளிலும் ஒரு பகுதியைப் பிடிக்கும். புகையின் ஒரு கனமீட்டரில் இதள் 0.03 மில்லிகிராமை மிஞ்சலாகாது என 2015 திசம்பரில் இந்திய அரசு வரம்பு கட்டியது. வரம்பு தாளில் இருந்தாற் போதுமா? புகையையும் சாம்பலையும் அளத்தல் வேண்டும். அளந்த கணக்கு, உழவரும் மீனவரும் படித்தறியத் தமிழில் வெளிவரல் வேண்டும்.

கொடைமலைக் கழிவை ஊர்மக்கள் வினவியமையாலன்றோ உண்மை வெளிவந்தது? கண்ணிற் படாத புகைக்கும் அவ்வாறே கணக்குக் கேளுங்கள்!