தரங்கம்பாடி இராஜவீதி



என் ஊர் கடலூருக்கும் பண்ணுருட்டிக்கும் இடையே உள்ள மேல்பட்டாம்பாக்கம். 1860-களில் டேனிய மிஷன் சங்கத்தின் பணி இங்கே வேரூன்றிற்று. அதற்கு வித்திட்ட கார்ல் ஓக்ஸ், தரங்கம்பாடியைச் சார்ந்த லீப்சிக் மிஷனிலிருந்து சாதி வேற்றுமை பற்றிய கருத்து மாறுபாட்டால் பிரிந்து வந்தவர். ஆகவே எங்கள் ஊர் வரலாற்றைத் தேடுவோர் சிதம்பரம், சீகாழி கடந்து தரங்கம்பாடி வரை சென்றாக வேண்டும். நானும் பணியில் இருந்த காலத்தில் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். அன்று நாங்கள் நடந்த இராஜவீதியைப் பற்றியே இப்போது பேசப் போகிறேன்.

தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் கடற்கரையில் கோட்டை கட்டினர். வீதியின் மேற்கு முனையில் நகர வாயில் நிற்கிறது. இப்போதுள்ள வாயில் 1792-இல் கட்டியது. அதனுள் நுழைந்து கடலை நோக்கி நடந்தால், 1701-இல் எழுந்த சீயோன் கோயிலும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் கோயிலும் இவ்வீதியிலேயே உள்ளன. தமிழ் அச்சுக் கலைக்குப் பெருந்தொண்டு புரிந்த சீகன்பால்க் இரண்டாவது கோயிலைக் கட்டினார்; கட்டிய மறு ஆண்டே இறந்தார். அவர் உடல் அக்கோயிலினுள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 36 என்று சொன்னதும், அதுவரை பேசிக்கொண்டு வந்த பிள்ளைகள் சற்றே அமைதியாயினர்.

ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகளெல்லாம் கோயில்களைப் பற்றியன அல்ல, வீடுகளைப் பற்றியன. "ஐயா, இது யார் வீடு?" என்று வாயிலுக்கு வாயில் நின்று கேட்டனர். அதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. உயர்ந்த தூண்கள் தாங்கும் முகப்புடைய ரேலிங் மாளிகை டேனிய அதிகாரி ஒருவரின் இல்லம். பின்னாளில் கன்னியர் மடமாயிற்று. கோட்டைக்கு எதிரே 1784-இல் கட்டிய மாளிகையில் டேனிய ஆளுநர் வாழ்ந்தார். ஆங்கிலேயர் காலத்தில் அதில் நீதிமன்றம் நடந்தது. பின்னர் உப்பு மூட்டைகளும் கிடந்தன. ஆளுநர் உலாவிய கூடத்தில் உப்பு!

இக்கட்டடங்கள் எவ்வாறு தப்பின? 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றனர். 1861-இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்தது. வாணிகம் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடிக்கு இரயில் வந்ததோ 1926-இல்தான். அதுவும் 1986-இல் நின்றது. செல்வம் பெருகிய ஊரில் பழைய வீட்டை இடித்து மாடி எழுப்புவார்கள். இங்கே இடிக்கவும் பணமில்லை. வறுமையே இவ்வீதிக்குக் காவலாக நின்றது என்பது என் கருத்து.

வறுமை இடிக்காது, ஆனால் ஒழுகும் கூரையைச் செப்பனிடவும் செய்யாது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் பல கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. அதில் நீங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்த சுவர்கள். அவற்றின்மேல் சிமெண்டைப் பூசினால், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை அரிக்கும். கடற்கரை உப்பும் உடன் சேரும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வெளியே விடும். ஆதலால் பழைய முறையில் சுண்ணாம்பு அரைக்கவும் பூசவும் தெரிந்த கொத்தனார்களின் கை இங்கே மீண்டும் தேவையாயிற்று.

திரும்பி வந்த மறுவாரம் ஒரு மாணவன் என்னிடம் கேட்டான்: "ஐயா, நம் தெருவில் போன ஆண்டு இடித்தார்களே, திண்ணை வீடு, அதை எப்போது கட்டினார்கள்?" முப்பது ஆண்டுகள் அவ்வீட்டைக் கடந்தே பள்ளிக்குச் சென்றவன் நான். மழை வந்தால் அத்திண்ணையில் ஒதுங்கியவன். டேனிய ஆளுநரின் மாளிகைக்கு ஆண்டு சொல்லத் தெரிந்த எனக்கு, அத்திண்ணையில் எத்தனை தூண்கள் இருந்தன என்பதும் நினைவில் இல்லை. அன்று மாலையே ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு, அம்மாணவனோடு அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன்.