மணிகளில் நிலைத்த மன்றாட்டு

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் 1628ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், அக்கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டது. ஒல்லாந்தர் தம் ஆணை செல்லும் இடங்களிலெல்லாம் கத்தோலிக்கக் குருமாரை விலக்கினர். பூசைக்குத் தடை விதித்தனர். குருவானவர் இல்லையேல் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமும் இல்லை. விசுவாசிகளிடம் எஞ்சி நின்றவை மனப்பாடமான மந்திரங்களும் அவற்றை எண்ணும் செபமாலையுமே. அதற்குக் கோவில் வேண்டுவதில்லை, எழுத்தறிவு வேண்டுவதில்லை. மடியில் மறைத்தும் வைக்கலாம்.

இம்மாலையின் ஆற்றலை நன்கறிந்தவர் கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் அடிகள். 1687இல் யாழ்ப்பாணம் புகுந்த அவர், இரவலர் கோலம் பூண்டு, கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகச் சென்றார். வாய்திறந்து கேட்பது ஆபத்து. மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ அவரே தம்மவர் என்று உணர்ந்துகொண்டார். ஒற்றர் கண்ணிலும் அதே மாலை பட்டிருக்கக்கூடும் என்பதை எண்ணினால் அவர் துணிவு விளங்கும். 1711இல் கண்டியில் மறைந்த அவரை, 2015 சனவரி 14இல் கொழும்பிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை 1806இல் ஆங்கிலேயர் நீக்கினர்.

மாலையில் மணிகள் ஐம்பத்தொன்பது. பெரிய மணி ஆறுக்கும் பரலோக மந்திரம். சிறிய மணி ஐம்பத்துமூன்றுக்கும் அருள் நிறைந்த மந்திரம். முன்னோர் இதனைப் பிரியதத்த மந்திரம் என்பர். அச்சொல்லின் இனிமை இன்றைய சொல்லில் இல்லை. நூற்றைம்பது சங்கீதங்களை ஓதமாட்டாத எளியோர் அதற்கு ஈடாக நூற்றைம்பது முறை மரியன்னையை வாழ்த்தியதே இவ்வழக்கத்தின் வேர். சந்தோஷம், துக்கம், மகிமை என்னும் பதினைந்து தேவ இரகசியங்களோடு, 2002இல் ஒளியின் இரகசியங்கள் ஐந்தும் சேர்க்கப்பட்டன. விரல் எண்ண, நா சொல்ல, மனம் இயேசுவின் வாழ்வை நினைப்பதே முறை. நினைவின்றி நாவை மட்டும் ஓடவிடுவோரும் உளர். அது மாலையின் குற்றமன்று.

மணி உருட்டி வழிபடுதல் கத்தோலிக்கர்க்கே உரியதுமன்று. அதே வாவிக்கரையில் சைவர் நூற்றெட்டு உருத்திராக்க மணிகளைக் கொண்டு செபிப்பர். காத்தான்குடி முஸ்லிம்கள் தஸ்பீஹ் மணிகளைக் கொண்டு இறைவனைத் துதிப்பர்.

எழுவான்கரையிலிருந்து படுவான்கரையின் ஆயித்தியமலை மாதா திருத்தலத்திற்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்க்குச் செபமாலையே வழித்துணை. மரண வீட்டிலும் அவ்வாறே. ஒருவர் முற்பாதியைத் தொடங்க, மற்றவர் பிற்பாதியால் மறுமொழி கூறுவர். அழுகையால் ஒரு குரல் தடைப்படின் அயலார் குரல் அதனை ஏற்று நடத்தும். இறந்தவரின் குவித்த கைகளில் அவர் நாளும் உருட்டிய மாலையையே சுற்றி வைப்பர்.