காளைக்கும் சட்டம் உண்டு

நெல்லைச் சீமையில் கோயில் கொடைவிழா வந்தால், மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்க விடியற்காலையிலேயே சாலையோரம் கூட்டம் திரண்டுவிடும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து வண்டிகள் சீறிப் பாயும்.

இந்த ஓட்டத்துக்கும் ஒருமுறை தடை விழுந்தது.

வித்தை காட்டப் பழக்கக்கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் காளையையும் சேர்த்தது. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். அதையடுத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் தமிழக அரசு திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தமிழகத்தின் ஜல்லிக்கட்டு, கர்நாடகத்தின் கம்பளா என்னும் எருமைப் பந்தயம், மகாராஷ்டிரத்தின் வண்டிப் பந்தயம் ஆகிய மூன்றுக்குமான திருத்தங்களும் செல்லும் என்றது.

ஜல்லிக்கட்டுக்கென்று 2017-இல் வந்த விதிகள் கறாரானவை. ஆட்சியரின் அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவர் ஒவ்வொரு மாட்டையும் பரிசோதிக்க வேண்டும். இரட்டைத் தடுப்பு வேலி கட்டாயம். திமிலைத் தழுவலாம், வாலை முறுக்கக்கூடாது, கொம்பைப் பிடிக்கக்கூடாது. கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது குற்றம்.

வாயில்லா ஜீவனுக்கு இந்த விதிகள்தான் பாதுகாப்பு. அவற்றை முறையாக நிறைவேற்றும் பொறுப்பை மாவட்ட ஆட்சியர்களிடமே உச்ச நீதிமன்றம் ஒப்படைத்திருக்கிறது.