நண்டு ஊரில் ஒரு பழமொழி
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தொழிலில் நான் பொறியாளன். ஓய்வு நேரத்தில் சிறுவர் கதை எழுதிப் பார்க்கிறவன். கற்பனை உலகத்துக்குப் பழமொழி செய்வது பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், அதுவும் ஒரு வடிவமைப்பு வேலைதான்!

எட்டு வயது மகளுக்குக் கடலடி நண்டு ராஜ்யக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன. அதில் பாட்டி நண்டு, "நெருப்பில்லாமல் புகையுமா?" என்றது. மகள் உடனே, "கடலுக்குள்ள நெருப்பு ஏதுப்பா?" என்றாள். வாயடைத்துப் போனேன். வேறு இயந்திரத்தின் உதிரிபாகத்தை இதில் மாட்டினால் ஓடுமா?

ரிச்சர்ட் ஆடம்ஸ் எழுதி 1972இல் வெளியான 'வாட்டர்ஷிப் டவுன்' கதையில் முயல்களுக்கு நாலு வரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேல் எல்லாம் 'நிறைய'தான். அந்த முயலிடம் போய் 'பத்தோடு பதினொன்று' என்றால் என்ன விளங்கும்? ஆக, அந்த உலகத்தில் உள்ள பொருள், அந்த உலகத்தின் கணக்கு, இதுதான் முதல் விதி.

இரண்டாவது, பழமொழிக்குப் பின்னால் யாரோ பட்ட அடி இருக்க வேண்டும். டோல்கீனின் 'தி ஹாபிட்' (1937) கதையில் பில்போ, டிராகனைக் கேலி பேசிவிட்டு, பின்தலையும் குதிகாலும் பொசுங்க ஓடி வருகிறான். அப்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்ட புத்திமதி பிற்பாடு பழமொழியாகிவிட்டது என்கிறார் ஆசிரியர். நம் தொழிலிலும் பல பாதுகாப்பு விதிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறதல்லவா?

நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிடும். புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும். அதனால் ஒளிந்துகொள்ளும். என் கதையில் ஒரு குட்டி நண்டு அந்த நேரத்தில் திருவிழா பார்க்கப் போய்க் காலை இழந்தது. அதற்கு நான் முதலில் எழுதியது: 'ஓடு கழற்றும் காலத்தில் வெளியே செல்வது ஆபத்து.' இது பழமொழியா? தொழிற்சாலை வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகை! 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பதில் இருக்கிற மோனையும் சுருக்கமும் இல்லையே! நாலு நாள் யோசித்து மாற்றினேன்: 'ஓடு மாத்தினவன் ஊர்வலம் போகமாட்டான்.'

அர்த்தத்தை நான் விளக்கவில்லை. விளக்கினால் பழமொழி செத்துவிடும். இது மூன்றாவது விதி.

பிறகு எனக்கு மாற்றலாகி ஊர் மாறினோம். மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். ஒரு வாரமாக யாரோடும் பேசவில்லை என்று தெரிந்ததும், "போய் நாலு பேரோட பழகும்மா, ஏன் இப்படி மூலையில உட்கார்ந்திருக்கே?" என்று சத்தம் போட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "ஓடு மாத்தினவன் ஊர்வலம் போகமாட்டான்ப்பா."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான் செய்த பழமொழி, நானே சொல்லத் தெரியாத இடத்தில் அவளுக்குக் கைகொடுத்தது.

இந்த அரங்கத்தின் கடைசி வரிசையில் முதலாண்டு மாணவர்கள் சிலர் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினேழு வயதில் நானும் அங்கேதான் இருந்தேன். தம்பி, தங்கைகளே, அவசரம் வேண்டாம். ஓடு இறுகும்.