வழிபாட்டு உரிமையும் வாணிகக் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

 

தறிக் குழியிலும் வயற்காட்டிலும் செங்கற் சூளையிலும் கோழிப் பண்ணையிலும் உழைத்தவர்கள், தம் கூலியில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று எடுத்து வைத்ததன் பயனே இந்த விழா. அப்படிப் படித்த பிள்ளைகள் இன்று ஒரு கேள்வி கேட்கிறார்கள். "தேநீர்க் கடைக்காரரும் முடிதிருத்தும் நிலையத்தாரும் மண்டபத்தாரும், 'இது எங்கள் ஆசாரம், எங்கள் சாமிக்கு ஆகாது' என்று சொன்னால் நாங்கள் என்ன மறுமொழி சொல்வது? மத சுதந்திரம் அவர்களுக்கும் உண்டல்லவா?" இது நேர்மையான கேள்வி. சினத்தால் விடை சொல்லிவிட முடியாத கேள்வி. அதற்கு அறிவாலும் சட்டத்தாலும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மத சுதந்திரம் நமக்கும் வேண்டும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மத சுதந்திரத்தை நாம் இழித்துப் பேசலாகாது. அண்ணல் அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவியது அந்த உரிமையின் வழியாகத்தான். நம்மில் சிலர் தேவாலயம் செல்கிறோம். சிலர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறோம். சிலர் மதுரை வீரனைக் கும்பிடுகிறோம். சிலர் எந்தச் சாமியையும் கும்பிடுவதில்லை. இத்தனைக்கும் காவலாக நிற்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆம் விதி. அதனைப் பழிப்பது, அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டுவதாகும்.

ஆயினும் அந்த விதியின் முதல் வரியை நம் இளைஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலவாழ்வு ஆகியவற்றுக்கும், அடிப்படை உரிமைகள் பற்றிய பகுதியின் ஏனைய விதிகளுக்கும் உட்பட்டே மத சுதந்திரம் வழங்கப்படுகிறது என்று அது தொடங்குகிறது. அந்த ஏனைய விதிகளில்தான் 15-உம் 17-உம் உள்ளன. கடைகள், பொது உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைவதற்கு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்கிறது 15-ஆம் விதியின் இரண்டாம் கூறு. தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழிக்கிறது 17-ஆம் விதி. ஆகவே மத சுதந்திரமும் சமத்துவமும் மோதிக்கொள்ளும் இரு மல்லர்கள் அல்லர். எது எதற்கு உட்பட்டது என்பதைச் சட்டம் எழுதியவர்களே எழுதி வைத்துவிட்டார்கள்.

முன்னோர் நடந்த வழி

இந்த விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1924-ஆம் ஆண்டிலேயே சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது மக்கள் கூடும் இடம் எதிலும் எவரையும் தடுக்கலாகாது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார் இரட்டைமலை சீனிவாசன். 1938-இல் எம்.சி. இராஜா இரண்டு மசோதாக்களுக்காகப் போராடினார். பொது வாழ்வில் நமக்கிருந்த இடையூறுகளை நீக்கும் மசோதா சட்டமாயிற்று. கோயில் நுழைவு மசோதா அவ்வாண்டு நிறைவேறவில்லை. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நம்மவர் நுழைந்த பின்னர், 1947-இல்தான் சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் வந்தது.

இந்த வரிசையை எண்ணிப் பாருங்கள். கோயில் வாசலில் தயங்கி நின்ற அக்காலச் சட்டமன்றங்கூட, கிணற்றடியும் சாலையும் மதத்தின் எல்லைக்கு வெளியே உள்ளவை என்பதை ஏற்றுக்கொண்டது. அன்று ஏற்கப்பட்டதை இன்று ஒரு தேநீர்க் கடையில் மறுப்பது எவ்வகையில் பொருந்தும்?

1948 நவம்பர் 29-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் இந்த விதி விவாதிக்கப்பட்டது. 'கடை' என்பது பொருள் விற்கும் இடம் மட்டுந்தானா, சலவைக் கடையும் முடிதிருத்தும் கடையும் அதில் அடங்குமா என்ற ஐயம் எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் தந்த விளக்கம் தெளிவானது. கடை என்ற சொல்லை அவர் மிக விரிந்த பொருளில் எடுத்துக்கொண்டார். தம்மை நாடி வருவோர்க்குத் தம் சேவையை அளிக்க ஒருவர் முன்வந்து அமர்ந்திருக்கும் இடம் எதுவும் கடையே என்றார். உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, உரிய நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு வருபவர்க்குச் சேவையும் அளித்தாக வேண்டும் என்பதும் அவ்விளக்கத்தில் அடங்கியிருந்தது. பலகை மாட்டிக் கதவைத் திறந்த அன்றே கடைக்காரர் ஊரார் அனைவரையும் அழைத்துவிட்டார். அழைத்த பின் ஆள் பார்த்துத் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமையில்லை.

கோடு எங்கே?

கடைக்காரர் தம் கல்லாவுக்கு மேல் எந்தச் சாமி படத்தை வேண்டுமானாலும் மாட்டலாம். வெள்ளிக்கிழமை தோறும் கடையடைக்கலாம். சைவ உணவு மட்டுமே சமைக்கலாம். அவரிடம் போய் இறைச்சி கேட்பது முறையன்று. இவையெல்லாம் அவருடைய மத சுதந்திரம். எதை விற்பது என்பது அவர் விருப்பம். யாருக்கு விற்பது என்பதில் சாதி பார்ப்பது அவர் உரிமை அன்று. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளீஸ் கபேயின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியார் போராட்டம் நடத்தினார். சைவச் சமையலை எதிர்த்து எழுந்ததன்று அப்போராட்டம். வணிக இடத்தில் சாதிப் பெயரைப் பொறித்து வைப்பதையே அவர் எதிர்த்தார்.

கோயிலிலேயே இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று உச்ச நீதிமன்றம் 1957 நவம்பரில் கூறியது. அன்றைய சென்னை மாகாணத்துத் தென் கன்னட மாவட்டத்தில் இருந்த மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கு அது. கோயில் தம் பிரிவினர்க்கே உரியது என்று கௌட சாரஸ்வத பிராமணர் வாதிட்டனர். அப்பிரிவினர்க்கெனச் சில சடங்குகளை ஒதுக்கிக்கொள்ள இடமளித்த நீதிமன்றம், இந்துக்கள் அனைவரும் நுழையும் உரிமையை அதனால் அழித்துவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. கோயிலுக்கே இதுதான் அளவென்றால், வாடகைக்கு விடும் கல்யாண மண்டபத்துக்கும் இட்டிலிக் கடைக்கும் தனி ஆசாரம் ஏது?

கடல் கடந்த நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 'பிக்கி பார்க்' என்ற உணவகங்கள் இருந்தன. கறுப்பின மக்கள் அங்கே அமர்ந்து உண்ண முடியாது. சமையலறைச் சன்னலில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். நம்மூர்க் கடைவாசல் நினைவுக்கு வருகிறதா? இனங்களைக் கலப்பது தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்பது உரிமையாளரின் வாதம். 1968-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைப் பொருட்படுத்தத் தகாத வாதம் என்று ஒதுக்கியது. அண்மையில், 2018-இலும் 2023-இலும், ஒருபால் திருமணத்துக்கு கேக் செய்ய மறுத்தவரும், இணையதளம் வடிவமைக்க விரும்பாதவரும் அதே நீதிமன்றத்தில் வென்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்னதில், விசாரித்த ஆணையம் அவருடைய சமயத்திடம் நடுநிலையோடு நடக்கவில்லை என்பது காரணம். பின்னதில், தாம் ஏற்காத கருத்தைத் தம் கைவண்ணத்தால் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பது கேள்வி. அது கடினமான வழக்கே. ஆனால் ஒரு டம்ளர் தேநீர் எந்தக் கருத்தையும் சொல்வதில்லை.

கையில் இருக்கும் அளவுகோல்

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 நவம்பரில் திருத்தப்பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. அதன் 6-ஆம் பிரிவு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. மற்றவர்க்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் பொருளோ சேவையோ வழங்கப்படுகிறதோ, அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் நமக்கும் வழங்க வேண்டும். அவருக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குக் காகிதக் குவளை என்றால் அது குற்றம். அவருக்குப் பலகை, நமக்குத் திண்ணை என்றால் அதுவும் குற்றம். 'கடை மூடிய பிறகு வா, முடி வெட்டுகிறேன்' என்பதும் குற்றமே. பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதை 4-ஆம் பிரிவு தனியே குறிப்பிடுகிறது.

இன்னும் மூன்று செய்திகள். வரலாறு, தத்துவம், மதம், சாதி மரபு ஆகியவற்றைக் காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்துவதே அதனைத் தூண்டுவதாகும் என்று 7-ஆம் பிரிவின் விளக்கம் கூறுகிறது. 'எங்கள் ஆசாரம்' என்ற மறுமொழிக்கு நேரான விடை இதுதான். விற்க மறுத்ததற்காகத் தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை நீக்கவோ நிறுத்தி வைக்கவோ நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது 8-ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்ததென்று நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. அதனை மறுத்து மெய்ப்பிக்கும் சுமை எதிர்த் தரப்பினருடையது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தமோ, கடையில் நுழைவதையும் பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்துவதையும் தடுப்பவர்க்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

ஊர்க் கட்டுப்பாடு

சட்டம் இத்தனை இருந்தும் கொடுமை ஒழிந்துவிடவில்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், பள்ளிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரர் கைதானார். கடைக்கும் முத்திரை வைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் நம் சேலத்தை அடுத்த திருமலைகிரியில், மாரியம்மன் கோயிலுக்குள் சென்ற நம் இளைஞர் ஒருவர் ஊரார் முன்னிலையில் இழிவாக ஏசப்பட்டார். ஏசியவர் கைது செய்யப்பட்டார். 2024 பிப்ரவரியில், முன்பு சேலத்தோடு இருந்த தருமபுரி மாவட்டத்தில், வயல் வேலைக்குச் சென்ற பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்தவர்கள் கைதாயினர்.

பாஞ்சாகுளத்துக் கடைக்காரர் அக்குழந்தைகளிடம் எந்த வேதத்தையும் எடுத்துக் காட்டவில்லை. ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். பெரும்பாலான இடங்களில் மதத்தின் பெயரால் பேசுவது இந்தக் கட்டுப்பாடேயாகும். ஊருக்கு அஞ்சி நடக்கும் சிறு கடைக்காரரும், சாதி அடுக்கில் தாமும் தாழ்ந்து நிற்கும் முடிதிருத்துநரும் இருக்கிறார்கள். தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்ததற்காக ஒருவரைச் சொந்தச் சமூகத்தாரே ஒதுக்கி வைத்தால், ஒதுக்கியவர்களைத் தண்டிக்கவும் 7-ஆம் பிரிவில் இடமுண்டு. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சட்டம் நமக்கு மட்டும் கேடயமன்று, அவர்களுக்கும் கேடயம்.

நம் பக்கத்துத் தயக்கத்தையும் நான் அறிவேன். கடன் கொடுக்கும் மளிகைக் கடையும் வேலை கொடுக்கும் தோட்டமும் ஒரே குடும்பத்தாருடையவையாக இருக்கின்றன. தனியொருவர் புகார் கொடுத்தால் மறுநாள் வேலை போகலாம். ஆகவே புகாரைத் தனியாள் சுமக்க விடாதீர்கள். நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். படித்த பிள்ளை எழுதட்டும், பெரியவர்கள் துணை நிற்கட்டும். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் வன்கொடுமைச் சட்டத்தின்படி குற்றம் என்பதை அறிந்து வைத்திருங்கள்.

இறுதியாக நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள் படி வைத்துப் பழகும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிட்டதா? நாளை நம்மவர் திறக்கும் கடையிலும், நம்மவர் கட்டும் மண்டபத்திலும், அதே நேரம், அதே இடம், அதே நிபந்தனை என்ற அளவுகோல் எல்லோர்க்கும் பொருந்த வேண்டும். பிறரிடம் நாம் கேட்கும் நீதியை நம் வாசலில் வருவோர்க்கு மறுத்தால், கேட்கும் தகுதியை இழந்துவிடுவோம்.

சாமியை அவரவர் நெஞ்சில் வைத்துக்கொள்வோம். கடையில் எல்லோர்க்கும் ஒரே டம்ளர் இருக்கட்டும். இந்த வெள்ளி விழா ஆண்டில் ஒவ்வோர் ஊரிலும் நம் மாணவர் இருவராவது இச்சட்டங்களைத் தமிழில் படித்துத் தெருவாருக்கு எடுத்துச் சொல்வார்களானால், கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்புக்கு அதுவே தக்க காணிக்கையாகும்.