பின் சீட்டின் குரல்

நடுவர் அவர்களே! ஓய்வுக்காலம் சுமைன்னு எதிரணி அழுதுட்டுப் போயிருக்காங்க.

செங்கல்பட்டுல ஒரு பெரியவர். ரிட்டயர் ஆனதும் மனைவியை ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டு மாமல்லபுரம் கிளம்பினார். வழியிலே திருக்கழுக்குன்றம். "கொஞ்சம் நிறுத்துங்க, மலைக்கோயிலுக்கு ஏறணும்"னாங்க அம்மா.

"இத்தனை வருஷமா இந்த வழியா வர்றோம், ஒரு தடவைகூடச் சொல்லலையே?"

"சொன்னேன். உங்களுக்கு ஆபீஸ் ஞாபகம்!" (சிரிப்பு)

மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசு பக்கத்துல கல்லுல ஒரு குரங்குக் குடும்பம். குட்டிக்குப் பால் கொடுக்கிற மனைவிக்கு, கணவன் பேன் பார்க்குது. 1,300 வருஷத்துக்கு மேல பார்த்துக்கிட்டே இருக்கு! (கைதட்டல்) குரங்குக்கு இருக்கிற அக்கறை, மனுஷனுக்குப் பென்ஷன் வாங்கின பிறகாவது வர வேண்டாமா?

வேலை ஓய்ந்த பிறகுதான், பின்னால் இருப்பவர் குரல் காதில் விழுகிறது. ஆகவே ஓய்வுக்காலம் சுகமே என்று தீர்ப்பளியுங்கள்.